மெஸ்குவாக்கிக் கதைகளைக் காப்பதும் தமிழாக்குவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்." இந்த வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் "ஆம்" என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், எனக்குச் சொன்னவருக்கும் யாரோ சொன்னார்கள் என்று அந்த ஒரு அசை சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாழும் மெஸ்குவாக்கி மக்களின் மொழியிலும் அப்படி ஓர் ஒட்டு உண்டு. அவர்கள் அதை "இபி" என்கிறார்கள். பழங்கதை சொல்லும்போது திரும்பத் திரும்ப அது வந்து விழும்.

மெஸ்குவாக்கிக் கதைகள் ஆங்கிலத்துக்குப் போனபோது இந்த "இபி" பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. வாக்கியத்துக்கு வாக்கியம் "என்று சொல்லப்படுகிறது" எனப் போட்டால் ஆங்கில நடை தாங்காது. நான் முதலில் ஒரு கதையை ஆங்கிலப் பெயர்ப்பை மட்டும் வைத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். செய்தித்தாள் அறிக்கை போல வந்தது. பிறகு மூலத்தின் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, "இபி" வரும் இடங்களில் "ஆம்" சேர்த்தேன். கதை எழுந்து உட்கார்ந்தது. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த அனுபவம்தான். ஆங்கிலத்தால் ஏந்த முடியாத பலவற்றைத் தமிழ் இயல்பாகவே ஏந்தும். அதற்கு மூலத்தின் வாசல் வரை போக வேண்டும், அந்த வாசலில் அனுமதி கேட்டு நிற்கவும் வேண்டும்.

தொடங்கும் முன்: இவர்கள் யார்?

மெஸ்குவாக்கி என்றால் செம்மண் மக்கள் என்று பொருள். "அஃகி" என்பது அவர்கள் மொழியில் நிலம். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை நரிகள் என்ற பொருளில் அழைக்க, ஆங்கிலத்தில் அது "ஃபாக்ஸ்" ஆகி, மொழிநூல்களிலும் நெடுங்காலம் அந்தப் பெயரே நின்றது. பழைய நூல்களைத் தேடும்போது அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். எழுதும்போது அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரையே எழுதுங்கள்.

அல்கோன்கியன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி இது. சாக், கிக்கப்பூ மொழிகள் இதற்கு மிக நெருங்கிய உறவு. 1832இல் நடந்த பிளாக் ஹாக் போருக்குப் பின், 1840களில் இவர்கள் அயோவாவிலிருந்து கான்சாஸ் பக்கம் அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஒரு பகுதியினர் விடவில்லை. 1856இல் அயோவா சட்டமன்றம் அவர்கள் அங்கே வாழ இசைவு தந்தது. 1857இல் தங்கள் சொந்தப் பணத்தில் டாமா மாவட்டத்தில் அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். இன்று அது 8,000 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. அரசு ஒதுக்கிய இடமல்ல, விலை கொடுத்து வாங்கிய இடம் என்பதால் அதைக் "குடியிருப்பு" என்றே அழைக்கிறார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே வாங்கித் திரும்பிய மக்கள், தங்கள் கதைகளை யார் எடுத்துப்போகிறார்கள் என்பதிலும் கவனமாக இருப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: அனுமதி

பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது அனுமதி ஆகாது. அது தகவல் தெரிவிப்பது மட்டுமே.

கதைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. குளிர்காலக் கதைகளை அவர்கள் "ஆதெஸோஃகாகன" என்கிறார்கள். உலகம் உருவான நாட்களின் கதைகள், உலகைச் செப்பனிட்ட வீஸஃகேஹ என்னும் கதைநாயகனின் கதைகள் எல்லாம் இதில் அடங்கும். தரையில் பனி கிடக்கும் காலத்தில்தான் இவற்றைச் சொல்லலாம். ஒருவர் தம் வாழ்வில் நடந்ததைச் சொல்வது, முன்னோரின் போர்களைச் சொல்வது போன்றவை வேறு வகை. இவை இரண்டுக்கும் அப்பால் "மீஷாமி" எனப்படும் புனிதப் பொதிகளைச் சார்ந்த வரலாறுகளும் சடங்கு உரைகளும் பாடல்களும் உண்டு. அவை குறிப்பிட்ட குலங்களுக்கு உரியவை. பழைய அறிக்கையில் அச்சாகிவிட்டது என்பதாலோ, பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது என்பதாலோ அவை பொதுச்சொத்து ஆகிவிடாது. சட்டம் தடுக்காது என்பது உண்மை. ஆனால் உடையவர் தடுக்கிறாரா என்று கேட்பது நம் கடமை.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகைக் கதை என்று கண்டறியுங்கள். பொதி சார்ந்தது என்றால் கீழே வைத்துவிடுங்கள். அவர்களே கேட்டுக்கொண்டால் ஒழிய அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குளிர்காலக் கதை என்றாலோ வாழ்க்கை வரலாறு என்றாலோ, குடியிருப்பின் பழங்குடி மன்றத்துக்கும் அங்குள்ள மொழிப் பாதுகாப்பு, வரலாற்றுப் பாதுகாப்புப் பிரிவுகளுக்கும் எழுதுங்கள். எந்தக் கதை, எந்தச் சுவடி, யாருக்காக, எங்கே வெளியாகும், பணம் வருமா, வந்தால் யாருக்கு என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். பதில் வராமலிருப்பது சம்மதம் அல்ல. "வேண்டாம்" என்று வந்தால் அதுவும் ஒரு முழுமையான பதிலே.

இரண்டாம் படி: எந்த மூலம்?

மூன்று வகை மூலங்கள் உண்டு.

முதலாவது, வில்லியம் ஜோன்ஸ் சேகரித்தவை. 1871இல் பிறந்த இவர் மெஸ்குவாக்கி வழிவந்தவர், பாட்டியால் வளர்க்கப்பட்டவர். 1904இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் தொகுத்த மெஸ்குவாக்கிக் கதைகள், ஒரு பக்கம் மூலமும் மறுபக்கம் ஆங்கிலமுமாக, 1907இல் வெளிவந்தன. இரண்டே ஆண்டுகளில், 1909இல், பிலிப்பைன்சில் கள ஆய்வின்போது கொல்லப்பட்டார். நாற்பது வயதுகூட வாழாத ஒருவர் விட்டுச்சென்ற அந்தத் தொகுப்பை வைத்துத்தான் மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்ட் இந்த மொழியைப் பற்றி 1920களில் எழுதினார். அல்கோன்கியன் மொழிகள் எல்லாம் கிளைத்த மூலமொழியை மீட்டமைக்கும் வேலையில் மெஸ்குவாக்கி முக்கிய சாட்சி ஆனதும் அப்படித்தான். புளூம்ஃபீல்ட் தொகுத்த சொற்பட்டியல் பின்னாளில் மொழியியலாளர் ஐவ்ஸ் காடார்டின் பதிப்பில் 1994இல் வெளிவந்தது. சொல் தேட அது இன்றும் உதவும்.

இரண்டாவதுதான் பெருங்கடல். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ட்ரூமன் மைக்கேல்சன் 1911இலிருந்து குடியிருப்புக்குப் போய்வந்தார். சொல்லச்சொல்லத் தாம் எழுதிக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. மெஸ்குவாக்கி எழுத்தர்களுக்குக் கூலி கொடுத்து அவர்களையே அவர்கள் எழுத்தில் எழுதச் செய்தார். அப்படிச் சேர்ந்தவை ஏறக்குறைய 27,000 பக்கங்கள். மேரிலாந்தில் உள்ள தேசிய மானிடவியல் ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன. பாதியில் நிறுத்தி "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கும் அந்நியர் யாரும் எதிரில் இல்லாமல், தம் வீட்டில், தம் வேகத்தில் எழுதியவை என்பதால் இவற்றின் ஓட்டமே தனி. ஆல்ஃபிரட் கியானா இந்த எழுத்தர்களில் முதன்மையானவர். எந்த மூலத்தில் தொடங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் இந்தச் சுவடிகளைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, இன்று வாழும் பெரியவர்களிடமிருந்து செய்யும் ஒலிப்பதிவு. இது வெளியார் நுழைந்து தொடங்க வேண்டிய வேலை அல்ல. அழைத்தால் துணை செய்யலாம்.

மூன்றாம் படி: எழுத்தைப் படிக்கப் பழகுதல்

மெஸ்குவாக்கிக்காரர்கள் பயன்படுத்தியது அசையெழுத்து. வடிவங்கள் ஐரோப்பியக் கூட்டெழுத்திலிருந்து வந்தவை. "ப பெ பி பொ" என்று அரிச்சுவடியின் முதல் வரியைக் கொண்டே அதை அழைக்கிறார்கள், நாம் "அ ஆ" கற்றான் என்று சொல்வதைப் போல. வடிவங்கள் கண்ணுக்குப் பழகியவைபோலத் தெரிவதில் ஓர் ஆபத்து உண்டு. ஆங்கில "எல்" போல இருப்பது ப ஒலி. ஆங்கில "டி" எழுத்தின் சிறுவடிவம் போல இருப்பது ஷ ஒலி. ஆங்கிலக் கண்ணோடு படித்தால் முதல் வரியிலேயே வழி தவறும்.

உண்மையான சிரமம் எழுதப்படாத ஒலிகளில் இருக்கிறது. நெடில் குறில் வேறுபாடு எழுத்தில் இல்லை. மூச்சொலியாகிய ஹகரமும் எழுதப்படுவதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் அசைக்கு அசை இடைவெளி விடுவதால் எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதும் பல இடங்களில் தெரியாது. ஒரு சொல்லின் நடுவில் "அ க" என்று இரண்டு அசைகள் இருந்தால், முதல் உயிர் குறிலா நெடிலா, நடுவில் மூச்சொலி உண்டா இல்லையா, இரண்டாம் உயிர் குறிலா நெடிலா என்று எட்டு வாசிப்புகள் கிடைக்கும். மொழி தெரிந்தவருக்கு எட்டில் ஏழு தாமாகவே உதிர்ந்துவிடும். தெரியாதவருக்கு எட்டும் அப்படியே நிற்கும்.

தமிழருக்கு இது புதிய துன்பம் அல்ல. புள்ளியில்லாத ஏட்டுச்சுவடிகளில் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா, காலா ரகரமா என்று நம் பதிப்பாசிரியர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்களே, அதே வேலைதான். அவர்கள் கையாண்ட வழியே இங்கும் செல்லும். ஒரு சுவடியில் ஐயம் வந்தால் அதே எழுத்தரின் வேறு பக்கங்களில் அதே சொல் எப்படி வருகிறது என்று பாருங்கள், இடம் நோக்கிப் பொருள் கொள்ளுங்கள், தீராத ஐயத்தைத் தீராததாகவே குறித்துவையுங்கள்.

இங்கே நமக்கு ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது. மெஸ்குவாக்கியில் நான்கு உயிர்கள்: அ, எ, இ, ஒ. நான்குக்கும் குறிலும் நெடிலும் உண்டு. அறிஞர்கள் உரோமன் எழுத்தில் நெடிலைக் காட்டத் தனிப் புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துக்கு அது தேவையே இல்லை. அ ஆ, எ ஏ, இ ஈ, ஒ ஓ என்று எட்டும் நம்மிடம் முன்பே இருக்கின்றன.

அடுத்தது இன்னும் அழகு. இந்த மொழியில் வல்லின மெய்களுக்கு முன் ஒரு மூச்சு வரும். பெண் என்பதற்கான சொல்லில் ககரத்துக்கு முன் அந்த மூச்சு இருக்கிறது. அதைத் தமிழில் "இஃக்வேவ" என்று எழுதலாம். வல்லினத்துக்கு முன்னே வந்து நிற்பதற்கென்றே நம்மிடம் ஆய்தம் இருக்கிறதே! எஃகு, அஃது என்னும் சொற்களில் அது செய்யும் வேலையைத்தான் இங்கும் செய்கிறது. தமிழில் ஆய்தத்துக்கு முன் குறில்தான் வரும், மெஸ்குவாக்கியில் நெடிலுக்குப் பின்னும் இந்த மூச்சு வரும் என்பது மட்டுமே வேறுபாடு. ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். இன்றைய வாசகர் ஃப என்பதை ஆங்கில ஒலியாகவே படிப்பார். ஆகவே இந்த எழுத்துமுறை உங்கள் பணிக்குறிப்பேட்டுக்கு. அச்சுக்குப் போகும்போது பெயர்களை எளிமையாக்கிக்கொள்ளலாம்.

நான்காம் படி: காதால் சரிபார்த்தல்

எழுத்தில் இல்லாததைக் காதால்தான் மீட்க முடியும். மெஸ்குவாக்கிச் சொற்கள் எல்லாம் குறில் உயிரில் முடிபவை. பேச்சில், சொற்றொடரின் கடைசியில் வரும் அந்த உயிர் குரல் இல்லாமல் வெறும் மூச்சாக, கிசுகிசுப்பாகக் கரைந்துவிடும். நம் குற்றியலுகரம் பாதி குறைவது போல, இது முழுவதும் குரல் இழக்கும். ஆனால் இலக்கணச் செய்தி பலமுறை அந்தக் கடைசி உயிரில்தான் இருக்கிறது. பெயர்ச்சொல் அகரத்தில் முடிந்தால் உயிருள்ள வகை, இகரத்தில் முடிந்தால் உயிரற்ற வகை. மலிவான ஒலிவாங்கி முதலில் இழப்பது இந்த மூச்சைத்தான்.

அதனால் ஒலிப்பதிவுக்கு உதவ அழைக்கப்பட்டால் சட்டைக் காலரில் மாட்டும் நல்ல ஒலிவாங்கி கொண்டுபோங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். மின்விசிறியையும் குளிர்பெட்டியையும் அணைத்துவையுங்கள். பதிவைத் துண்டுகளாக்கி எழுத "ஈலான்" என்ற இலவச மென்பொருள் போதும். ஒலிக்கு நேர் கீழே மூலம், பகுப்பு, பெயர்ப்பு என்று அடுக்கடுக்காக எழுதலாம்.

பழைய சுவடியாக இருந்தால், மொழியறிந்தவர் ஒருவர் அதை உரக்கப் படிக்க, அதைப் பதிந்துகொள்வதே சிறந்த சரிபார்ப்பு. அவருடைய நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். முதல்மொழியாக இதைப் பேசி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: சொல்லைப் பிரித்தல்

பெயர்ப்பதற்கு முன் ஒவ்வொரு வினையையும் பிரித்து எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. "வாபம்" என்ற வேரை எடுத்துக்கொள்வோம். ஒருவரைப் பார்த்தல் என்பது பொருள்.

நெவாபமாவ: நான் அவனைப் பார்க்கிறேன்.
நெவாபமெக்வ: அவன் என்னைப் பார்க்கிறான்.
கெவாபமெனெ: நான் உன்னைப் பார்க்கிறேன்.
கெவாபமி: நீ என்னைப் பார்க்கிறாய்.

முதல் இரண்டிலும் முன்னே நிற்பது "நெ", அதாவது தன்மை. பார்ப்பவன் நானா, பார்க்கப்படுபவன் நானா என்பதை அது சொல்வதில்லை. நடுவில் வரும் "ஆ", "எக்வ்" ஆகிய ஒட்டுகள்தாம் வினை எந்தத் திசையில் போகிறது என்று காட்டுகின்றன. கடைசி இரண்டில் நானும் நீயும் சேர்ந்து வருகிறோம். இரண்டிலும் "கெ" என்ற முன்னிலையே முன்னே நிற்கிறது. செய்பவன் யாராக இருந்தாலும் கேட்பவருக்கே முதலிடம். இந்த ஒழுங்கை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் நான் நெடுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

கதைகளில் வினை வேறு உருவம் எடுக்கும். "ஏஹ்" என்று தொடங்கி "சி" என்று முடியும் வடிவம் கதைக்கே உரியதுபோல அடுக்கடுக்காக வரும். ஏஹ்வாபமாசி என்றால் இவன் அவனைப் பார்த்தான். ஏஹ்வாபமெகொசி என்றால் அவன் இவனைப் பார்த்தான். இந்த இவன், அவன் என்பது என்ன என்று அடுத்த படியில் பார்ப்போம். அங்கேதான் தமிழாக்கத்தின் உயிர் இருக்கிறது.

ஆறாம் படி: தமிழாக்கம்

முதலில் "இபி". மெஸ்குவாக்கியில் அது வாக்கியத்தின் முதற்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் "ஆம்" வினையின் கடைசியில்தான் வரும். இடம் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எண்ணிக்கையைக் கவனியுங்கள். மூலத்தில் எந்த வாக்கியத்தில் இருக்கிறதோ அந்த வாக்கியத்தில் மட்டும் "ஆம்" போடுங்கள். அழகுக்காகக் கூட்டவும் வேண்டாம், சலிப்பாக இருக்கிறது என்று குறைக்கவும் வேண்டாம். எழுத்தர் ஓரிடத்தில் அதை விட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

அடுத்து "நாம்". மெஸ்குவாக்கியில் கேட்பவரைச் சேர்த்துச் சொல்வது "கீனான". அவரை விலக்கிச் சொல்வது "நீனான". வினையிலும் இந்த வேறுபாடு உண்டு. நெவாபமாபென என்றால் நாங்கள் அவனைப் பார்க்கிறோம். கெவாபமாபென என்றால் நாம் அவனைப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கதையில் ஆவிகள் கூடி வீஸஃகேஹவைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்கின்றனவா "நாங்கள்" என்கின்றனவா என்பதைப் பொறுத்து யார் சதியில் உட்பட்டவர், யார் வெளியில் நிற்பவர் என்பது மாறும். ஆங்கிலப் பெயர்ப்பைப் பார்த்து ஊகித்தால் பாதி இடங்களில் தவறுவீர்கள். மூலத்தில் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். கெ என்றால் நாம், நெ என்றால் நாங்கள். கண்ணில் படும் ஒரே எழுத்தில் விடை இருக்கிறது.

மூன்றாவது, இவன் அவன். "அண்ணன் தம்பியைப் பார்த்தான். அவன் அழுதான்." அழுதது யார்? இது நான் கட்டிய வாக்கியம், எந்தக் கதையிலிருந்தும் எடுத்ததல்ல. தமிழில் ஐயம் வருகிறது. மெஸ்குவாக்கியில் வராது. கதையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மேடையின் நடுவில் நிற்பவர், மற்றவர் ஓரத்தில் நிற்பவர். பெயர்ச்சொல்லின் ஈறும் வினையின் ஈறும் யார் நடுவில், யார் ஓரத்தில் என்று காட்டிக்கொண்டே போகும். நல்ல கதைசொல்லி நடுவிலிருந்தவரை ஓரத்துக்குத் தள்ளி, ஓரத்தவரை நடுவுக்குக் கொண்டுவருவார். அந்தத் திருப்பத்தில் கேட்பவரின் பரிவும் இடம் மாறும்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நமக்கு இ, அ என்னும் சுட்டெழுத்துகள் இருக்கின்றன. நடுவில் நிற்பவரை இவன் என்றும் ஓரத்தில் நிற்பவரை அவன் என்றும் ஒரு பத்தி முழுவதும் தவறாமல் எழுதிப் பாருங்கள். எல்லா இடத்திலும் செல்லாது. நெடிய பகுதிகளில் இவன் என்பது உறுத்தும், அங்கே பெயரைச் சொல்லிவிடுங்கள். ஆனால் இருவர் நேருக்கு நேர் மோதும் காட்சிகளில் இதைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் இல்லை.

திணையில் நம் பழக்கம் நம்மைத் தவறாக இழுக்கும். உயர்திணை, அஃறிணை என்ற நம் பிரிவு பகுத்தறிவை வைத்தது. அவர்களின் பிரிவு உயிருள்ளது, உயிரற்றது என்பது. நாயும் கரடியும் மனிதனும் ஒரே வகையில் நிற்கும். சமைக்கும் கெண்டியும், புகைக்குழாயும், புகையிலையும் அதே உயிருள்ள வகையில்தான். "ஆதெஸோஃகாகன" என்று அகரத்தில் முடிகிறதே, அந்தக் குளிர்காலக் கதையும் உயிருள்ளதுதான். கரடி பேசினால் "சொன்னது" என்று எழுதுவதா "சொன்னான்" என்று எழுதுவதா? கதைக்குள் மனிதரைப்போல நடமாடும் விலங்குக்கு "சொன்னார்", "சொன்னான்" என்றே எழுதுங்கள் என்பேன். நம் பாட்டிமார் நரிக்கதை சொல்லும்போது அப்படித்தானே சொன்னார்கள். புகைக்குழாய்க்கு அப்படிச் செய்ய முடியாது. அங்கே இழப்பை ஏற்றுக்கொண்டு ஒரு குறிப்பு எழுதலாம்.

உறவுமுறைச் சொற்களில்தான் தமிழர் மிக எளிதாகச் சறுக்குவார்கள். நமக்கு உறவுச்சொல் நிறைய இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒன்று கிடைத்துவிடும், அதுதான் கண்ணி. மெஸ்குவாக்கியில் தாயின் உடன்பிறந்தானும் மாமா, அவர் மகனும் மாமா. மாமன் மகன் என்றதும் நம் கை "மச்சான்" என்று எழுதப் போகும். அந்த ஒரு சொல் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரு முழு உலகத்தையே உள்ளே கொண்டுவந்துவிடும். அவர்களிடம் அந்த வழக்கம் இல்லை. வயதில் இளைய பையனைக்கூட "மாமா" என்று அழைப்பதாக வந்தால் அப்படியே எழுதுங்கள். வாசகர் ஒரு கணம் வியக்கட்டும். பூமியை அவர்கள் பாட்டி என்கிறார்கள். அதைப் பூமித்தாய் என்று மாற்றிவிடாதீர்கள், தலைமுறை ஒன்று குறைந்துபோகும்.

பெயர்களையும் சமயச் சொற்களையும் உள்ளூராக்க வேண்டாம். வீஸஃகேஹ உலகைச் செப்பனிட்டவன், ஏமாற்றுபவன், ஏமாறுபவன், ஆவிகளால் தம்பியை இழந்து அழுதவன். அவனை ஒரு குறும்புக்கார விகடகவியாகச் சுருக்கினால் அந்த அழுகை காணாமல் போகும். "மனெதொவ" என்ற சொல்லைக் கடவுள் என்றோ பேய் என்றோ பெயர்க்க வேண்டாம். அந்தச் சொல் பாம்பையும் குறிக்கும். முதன்முறை ஒரு வரி விளக்கம் தந்துவிட்டு, பிறகு அந்தச் சொல்லையே பயன்படுத்துங்கள்.

வெட்டாதீர்கள். ஒரு மெஸ்குவாக்கிப் பெண் தம் வாழ்க்கையைச் சொன்னதை மைக்கேல்சன் 1925இல் வெளியிட்டார். சில வாக்கியங்கள் ஐரோப்பியச் சுவைக்கு அளவு மீறி வெளிப்படையாக இருந்ததால் நீக்கியதாக அவரே குறிப்பிட்டார். அந்தப் பெண் மறைக்காததை அவர் மறைத்தார். 2006இல் காடார்ட் சுவடியிலிருந்து புதிதாகப் பதிப்பித்த பிறகே அந்தப் பெண்ணின் உரை ஒழுங்காக வாசகருக்குக் கிடைத்தது. ஏமாற்றுக்காரன் கதைகளில் உடல் சார்ந்த நகைச்சுவை நிறைய வரும். நம் கிராமத்துக் கதைகளிலும் அதே துணிச்சல் உண்டு. அதற்குரிய தமிழ்ச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அச்சப்பட்டு வடமொழிச் சொல்லுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம்.

ஏழாம் படி: ஆசிரியர் பெயர்

முன்னர் அட்டையில் சேகரித்தவர் பெயர் இருந்தது, எழுதியவர் பெயர் உள்ளே எங்கோ இருந்தது, அல்லது இல்லாமலே போனது. 2007இல் வெளிவந்த காடார்டின் பதிப்பொன்று ஆல்ஃபிரட் கியானாவின் சுவடி என்று தலைப்பிலேயே சொல்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெஸ்குவாக்கி ஆசிரியர் முதலில், படித்துத் திருத்திய பெரியவர் அடுத்து, தமிழாக்கியவர் கடைசியில். ஆனால் பெயர் வெளியிட வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால், நூறாண்டு கடந்தாலும் தேடிக் கண்டுபிடித்து எழுதாதீர்கள்.

எட்டாம் படி: திருப்பிக் கொடுத்தல்

உங்கள் குறிப்பேடு, சொற்பிரிப்பு, ஒலிப்பதிவு, தமிழ்ப் பிரதி ஆகிய எல்லாவற்றின் முழுப் படியும் குடியிருப்புக்குப் போக வேண்டும். தமிழ் அங்கே யாருக்கும் தெரியாதே என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்த எழுத்துப் பெயர்ப்பும் சொற்பிரிப்பும் அவர்கள் பள்ளியில் பயன்படலாம். "இபி"க்கு வேற்றுமொழி ஒன்றில் நேரான இணை இருக்கிறது என்பதை அங்குள்ள ஒரு மாணவர் அறிந்தால், ஆங்கிலம் இல்லாததாக்கிய ஒன்று உலகில் உண்மையில் உண்டு என்று அவருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் இந்த மொழியைக் கொண்டே எட்டு மெஸ்குவாக்கி வீரர்கள் வட ஆப்பிரிக்காவில் இரகசியச் செய்திகள் அனுப்பினார்கள். 2013இல் அவர்களுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. தம் மொழி என்ன செய்யும் என்று அவர்களுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் வேலை எடுத்ததை முழுமையாகத் திருப்பி வைப்பது.

இணையத்தில் வைப்பதானால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைக்கும் தளங்களைத் தவிர்க்கலாம். யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று சமூகமே வரையறுக்க இடம் தரும் "முகுர்து" போன்ற இலவச மேடைகள் இதற்கென்றே உருவாக்கப்பட்டவை. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் கதையின் வகை, சுவடி எண், படித்தவர், திருத்திய நாள் ஆகியவை இருக்கட்டும்.

நாட்காட்டியையும் முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கதையைக் கோடையில் தொலைபேசியில் படித்துக்காட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள், கோடையில் அச்சுக்கும் கொடுக்காதீர்கள். சொல் தேடல், இலக்கணம், எழுத்துப் பயிற்சி எல்லாவற்றையும் கோடையில் முடியுங்கள். இலையுதிர்காலத்தின் கடைசியில் பிரதியை உறையிலிட்டு அனுப்பிவையுங்கள். டாமாவில் பனி விழுந்த பிறகு பெரியவர் அதைப் பிரித்து, மூலத்தை உரக்கப் படித்துப் பார்ப்பார். திருத்தங்கள் வர மார்ச் ஆகலாம். அதுவரை காத்திருங்கள்.